முகில் மூடும் ஊரில் சோலார் பனலை எத்தனை பாகை சாய்ப்பது? யாழ்ப்பாணத்துக் கூரைகளுக்கான கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் பனல் பூட்ட வெளிக்கிடுகிறவர்கள் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது இதைத்தான்: எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வு, மாரியில் என்ன செய்வது. வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். அவசரக்காரர் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எத்தனை பாகை?

தெற்குப் பார்த்து 10 பாகை. 8 ஆனாலும் 15 ஆனாலும் வருடக் கணக்கில் உங்கள் கரண்ட் பில்லுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. யாழ்ப்பாணம் வட அகலக்கோட்டில் 9.7 பாகைக்குக் கிட்ட இருக்கிறது. அந்த இலக்கமும் இந்த 10 உம் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதற்குக் காரணம் உண்டு, ஆனால் அதை ஒரு விதியாக எடுத்துக்கொண்டு எல்லா ஊருக்கும் பொருத்தாதீர்கள். ஏன் என்று நாலாவது கேள்வியில் வரும்.

மாரியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுகிறதே. பனலை நிமிர்த்தி 30 பாகையில் வைத்தால் கார்த்திகை, மார்கழியில் கூடக் கிடைக்காதா?

எல்லாரும் விழுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கணக்கு பாதி சரி. டிசெம்பர் 21 ஐ ஒட்டி நடுப்பகலில் எங்கள் ஊரில் சூரியன் உச்சியிலிருந்து 33 பாகை தெற்கே நிற்கும். பனல் மட்டமாகக் கிடந்தால் நேரடி வெயிலில் 84 சதவீதம் பிடிக்கும், 10 பாகை சாய்த்தால் 92, 30 பாகை சாய்த்தால் கிட்டத்தட்ட முழுவதும். ஆக, 10 இலிருந்து 30 க்கு நிமிர்த்தினால் தெளிந்த நாள் ஒன்றின் நடுப்பகலில் 8 சதவீதமளவு கூடும். இதைக் காட்டித்தான் உயரமான ஸ்ராண்ட் விற்கிறார்கள்.

மிச்சப் பாதி என்னவென்றால், அந்த மாதங்களில் தெளிந்த நாள் எங்கே இருக்கிறது? எங்கள் மழையில் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரைதான் கொட்டுகிறது. சூரியன் தெற்கே சாய்கிற காலமும் வானம் மூடுகிற காலமும் எங்களுக்கு ஒன்றாகவே வந்து சேர்கின்றன. சூரியன் தெரியாத நாளில் சூரியனைப் பார்த்து நிமிர்த்திய பனல் என்ன செய்யும்? வானத்தில் ஒரு பகுதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். முழுக்க மூடிய நாளில் 30 பாகைப் பனலுக்கு 10 பாகைப் பனலைவிட 6 சதவீதமளவு ஒளி குறைவு.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. ஆனி மாதம் வரட்டும். அப்போது நடுப்பகல் சூரியன் எங்கள் தலைக்கு வடக்கே, உச்சியிலிருந்து 14 பாகையளவு தள்ளி நிற்கும். தெற்கே 30 பாகை சாய்ந்த பனல் அந்த நேரத்து நேரடி வெயிலில் 72 சதவீதம்தான் பிடிக்கும், 10 பாகைப் பனல் 91 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். மழையில்லாத, வெயில் நின்று எறிக்கிற மாதங்களில் ஐந்திலொரு பங்கை விட்டுவிட்டு, மழை மாதத்தில் வருமோ வராதோ என்று தெரியாத 8 சதவீதத்துக்காகக் காத்திருப்பது என்ன கணக்கு?

வெயிலே இல்லாத நாளில் பனலுக்கு ஒளி எங்கிருந்து வருகிறது?

வானம் முழுவதிலுமிருந்து. சூரியனிலிருந்து நேரே வருகிற கதிர் ஒன்று, முகிலிலும் காற்றிலும் பட்டுச் சிதறி எல்லாப் பக்கமிருந்தும் வருகிற ஒளி இன்னொன்று. தெளிந்த நாளில் முதலாவதுதான் பெரும்பங்கு. கறுத்து மூடிய நாளில் இரண்டாவது மட்டுமே. கையை வெளியே நீட்டிப் பாருங்கள், நிலத்தில் நிழல் விழவில்லை என்றால் நேரடிக் கதிர் இல்லை என்று அர்த்தம், அப்போது சூரியன் நிற்கிற பக்கம் பார்த்துப் பனலைத் திருப்புவதில் ஏறக்குறையப் பலன் இல்லை.

சிதறிய ஒளிக்கு முக்கியமானது, பனலின் கண்ணுக்கு வானத்தில் எவ்வளவு தெரிகிறது என்பதுதான். மட்டமாகக் கிடக்கும் பனலுக்கு முழு வானமும் தெரியும். 10 பாகை சாய்த்தால் இழப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு, 20 க்கு 3, 30 க்கு 7 க்குக் கிட்ட, 45 க்கு 15 க்குக் கிட்ட. வானம் எல்லா இடமும் ஒரே வெளிச்சம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. உண்மையில் தடித்த முகில் மூடிய வானம் அடிவானத்தைவிட உச்சியில் மூன்று மடங்களவு வெளிச்சமாக இருக்கும், அதனால் நிமிர்ந்த பனலின் பாடு இன்னும் மோசம்.

அதனால்தான் முகில் கூடிய ஊரில் பனலைப் படுக்க வை என்பது. கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் அதுதான் சரி.

லண்டனில் இருக்கிற மச்சான் "35 பாகைக்குக் குறைய வையாதையுங்கோ, நாங்கள் இஞ்ச அப்பிடித்தான் வைச்சிருக்கிறம்" என்கிறார். அங்கேயும் முகில்தானே?

மச்சான் சொல்வது அவருடைய கூரைக்குச் சரி. லண்டன் 51.5 பாகையில் இருக்கிறது. அங்கே ஆனி மாதத்து நடுப்பகல் சூரியன் 62 பாகை உயரத்துக்கு ஏறும், மார்கழியில் 15 பாகைதான். எங்கள் சூரியன் வருடத்திலேயே மிகத் தாழ்வாக நிற்கிற டிசெம்பர் 21 அன்றுகூட 57 பாகை. அவர்களுடைய உச்சக் கோடையும் எங்கள் மார்கழியும் ஏறக்குறைய ஒரே உயரம், அப்படியிருக்க அவருடைய சாய்வை இங்கே கொண்டுவந்து என்ன செய்வது?

கவனித்தீர்களா, 51.5 பாகை ஊரில் இருந்தும் அவர் 35 தான் வைத்திருக்கிறார். அகலக்கோட்டையே சாய்வாக வை என்ற விதிப்படி பார்த்தால் 50 க்கு மேல் போயிருக்க வேண்டும். அங்கே முகில் கூட, வருட உற்பத்தியில் பெரும்பங்கு கோடையில், ஆகவே தாழ்த்தியிருக்கிறார்கள். மச்சானுடைய கூரையே எங்கள் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது! ரொறன்ரோ, ஒஸ்லோ உறவுகளுக்கும் இதே பதில்தான், அங்கே பனி வழுக்கி விழ வேண்டும் என்ற கவலையும் சேரும். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

எங்களுடையது ஓட்டுவீடு. கூரை ஏற்கெனவே 25, 30 பாகை சரிந்துதான் இருக்கிறது. என்ன செய்வது?

கூரையோடு சேர்த்துப் பூட்டுங்கள். 10 பாகைக்குக் கொண்டுவருவதற்காக ஓட்டுக்கு மேலே கம்பி நிறுத்தி எதிர்ப்பக்கம் தூக்க வேண்டாம், காற்றுக்கு அது பாய் விரித்துக் கொடுப்பது போல ஆகிவிடும், ஓடும் உடையும். தெற்குச் சரிவு இருந்தால் அதில் வையுங்கள். வருடம் முழுவதும் பார்த்தால் 10 பாகைக்கும் 25 பாகைக்கும் இடையில் சில சதவீதம்தான். எங்கள் வீடுகள் அனேகமாக வாசல் கிழக்கோ வடக்கோ பார்த்து நேர்த்திசையில் கட்டப்பட்டவை, ஆகவே சரிவுகளும் நாலு திசைக்கு ஒழுங்காகவே நிற்கும். சாத்திரம் பார்த்துக் கட்டியதில் பனல் பூட்டுகிறவருக்குக் கிடைக்கிற இலாபம் இது.

தெற்குப் பக்கம் முழுக்க மாமர நிழல். கிழக்கு, மேற்குச் சரிவுகளில் வைக்கலாமா?

தாராளமாக. நிழல் விழுகிற தெற்கைவிட வெறிச்சோடிய கிழக்கு நூறு மடங்கு மேல். பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிற எங்களுக்குச் சூரியன் நாளில் பெரும்பகுதி தலைக்கு மேலேதான் ஓடுகிறது, அதனால் கிழக்கு மேற்குப் பார்த்த பனல்கள் தெற்கைவிடச் சில சதவீதம்தான் குறைவாகத் தரும், சரிவு 10, 15 என்றால் அதுவும் தெரியாது. இரண்டு பக்கமும் பிரித்து வைத்தால் உற்பத்தி காலமை வேளைக்குத் தொடங்கிப் பின்னேரம் வரை நீண்டு நிற்கும். பற்றறி வைத்திருப்பவர்களுக்கும், காலமை தோட்டத்துக்கு மோட்டர் போடுகிறவர்களுக்கும் இது உண்மையிலேயே வசதி.

ஒரே பக்கம்தான் வைக்க முடியும் என்றால் நான் கிழக்கைத்தான் எடுப்பேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமழை அனேகமாகப் பின்னேரத்தில்தான் திரளும், காலமை வானம் வெளித்திருக்கும். ஒன்றை மட்டும் கேட்டு உறுதிப்படுத்துங்கள்: கிழக்குப் பனல்களும் மேற்குப் பனல்களும் இன்வேற்றரில் (பனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றுகிற பெட்டி) வெவ்வேறு உள்ளீடுகளுக்குப் போக வேண்டும். ஒரே வரிசையில் கோர்த்தால் வெளிச்சம் குறைந்த பக்கம் மற்றப் பக்கத்தையும் இழுத்து விழுத்தும்.

வடக்குச் சரிவு?

சரிவு 10 பாகை அளவென்றால் யோசிக்கலாம். 25 பாகை ஓட்டுக்கூரை என்றால் கடைசித் தெரிவாக வைத்துக்கொள்ளுங்கள், வருடத்தில் பத்துச் சதவீதத்துக்கு மேல் போய்விடும். சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் சூரியன் வடக்கே நிற்கிற காலத்தில் வடக்குப் பனல்தான் ராசா, அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மார்கழித் தெளிந்த நாளில் அதே பனல் நடுப்பகல் நேரடி வெயிலில் பாதிக்குச் சற்று மேல்தான் பிடிக்கும்.

அப்படியென்றால் மட்டமாகவே, 0 பாகையிலேயே படுக்க வைத்துவிடலாமே. ஸ்ராண்ட் செலவும் மிச்சம்.

ஒளிக் கணக்கை மட்டும் பார்த்தால் இழப்பு வருடத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான், உங்கள் பேச்சு சரி. ஆனால் மட்டமான பனல் தன்னைத்தானே கழுவிக்கொள்ளாது. பனலின் சட்டம் கண்ணாடியைவிட ஒரு மெல்லிய விளிம்பளவு உயர்ந்திருக்கும். சாய்வு குறைந்தால் மழைத்தண்ணீர் அந்தக் கீழ் விளிம்பில் தேங்கும், வெயில் வந்து தண்ணீர் வற்றும், மண் மட்டும் தங்கும். நாலைந்து தடவை இப்படி நடந்தால் கீழ் ஓரமாக இரண்டு விரல் அகலத்துக்குச் செம்மண் கோடு ஒன்று படிந்து காய்ந்திருக்கும், சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கங்களில் பூட்டிய பனல்களில் போய்ப் பாருங்கள். அந்தக் கோடு கடைசி வரிசைச் செல்களை மூடினால், மூடிய அளவைவிடக் கூடவே உற்பத்தியை வெட்டும், ஏனென்றால் ஒரு பனலுக்குள் செல்கள் தொடராகக் கோர்க்கப்பட்டவை. 10 பாகை சாய்வில் நல்ல மழை ஒன்று பெய்தால் பெரும்பாலும் வழிந்துவிடும். 5 க்குக் கீழே போகாதீர்கள்.

மேலே கொங்கிறீற் தட்டு வெறுமையாக இருக்கிறது, எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். அப்படியும் 10 தானா?

அப்படியென்றால் இன்னும் அழுத்தமாக 10 தான், காரணம் காற்று.

இன்றைக்குப் பொதுவாக வருகிற 550 வாற் பனல் ஒன்று 2.28 மீற்றர் நீளம், 1.13 மீற்றர் அகலம், நிறை 28 கிலோவுக்குக் கிட்ட. நீளப்பாட்டை 10 பாகைக்குத் தூக்கினால் பின்பக்கம் 40 சென்ரிமீற்றர் உயரும். 30 பாகை என்றால் 1.14 மீற்றர், ஒரு சின்னப் பிள்ளை எழும்பி நிற்கிற உயரம். தெற்குப் பார்த்த பனலின் உயர்ந்த முதுகு வடக்கே இருக்கும். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை அடிக்கிற சோளகம் தென்மேற்கிலிருந்து வந்து பனலின் முகத்தில் அறைந்து கீழே அமத்தும், அது பயமில்லை. வாடை வடகிழக்கிலிருந்து வரும், அது முதுகுப் பக்கத்தால் உள்ளே புகுந்து மேலே தூக்கும். வங்காள விரிகுடாவில் புயல் திரள்வதும் அந்தக் காலத்தில்தான்: 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசெம்பரில் புரெவி. பனல் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஸ்ராண்ட்டைத் தட்டில் துளைத்து நங்கூர போல்ட் போடப் பயப்படுகிறவர்கள் கொங்கிறீற் கட்டை வைத்து நிறுத்துகிறார்கள். செய்யலாம், ஆனால் எத்தனை கிலோக் கட்டை என்பதை யாராவது பொறுப்பாகக் கணக்குப் பார்த்திருக்க வேண்டும், "இது காணும் ஐயா" என்பது கணக்கு இல்லை. துளைத்தால் துளையைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்க வேண்டும், பிறகு கூரை ஒழுகினால் பனல் தருகிற காசு கொத்தனாருக்குத்தான் போகும்.

வரிசைக்கு வரிசை இடைவெளியும் சாய்வோடு வளரும். 10 பாகைக்கு 60 சென்ரிமீற்றர் விட்டால் மார்கழிக் காலமை 9 மணிக்கும் முன்வரிசை நிழல் பின்வரிசையில் விழாது, நடந்து போய்க் கழுவவும் இடம் இருக்கும். 30 பாகைக்கு 1 மீற்றருக்கு மேல் விட வேண்டும். அதே தட்டில் பனல்களின் எண்ணிக்கை குறைந்துவிடும், கோணத்தில் வென்றதை எண்ணிக்கையில் தோற்கிறீர்கள்.

வருடத்தில் இரண்டு தரம் கோணத்தை மாற்றுகிற மாதிரி ஸ்ராண்ட் செய்தால்?

கணக்குப்படி சித்திரை தொடக்கத்தில் வடக்கே சரித்து, ஆவணி கடைசியில் தெற்கே திருப்பினால் சில சதவீதம் கூடும். நடைமுறையில் முதல் வருடம் ஆசையாகத் திருப்புவீர்கள், இரண்டாம் வருடம் மறப்பீர்கள், மூன்றாம் வருடம் உப்புக்காற்றில் நட்டு இறுகிவிடும். கடலும் களப்பும் சுற்றிய குடாநாடு இது. அசைகிற இணைப்பு கூடக் கூடக் கறல் பிடிக்கிற இடமும் கூடும், காற்றுக்கு ஆடுகிற இடமும் கூடும். அந்தச் செலவுக்கு இன்னொரு பனல் வாங்கிப் போடுங்கள், இப்போது பனல்தான் மலிவு, இரும்பும் கூலியும்தான் விலை.

சூரியனைப் பார்த்துத் திரும்புகிற மோட்டர் ஸ்ராண்ட் பற்றியும் கேட்கிறார்கள். வீட்டுக்கு வேண்டாம்.

பக்கத்து வளவில் பனை நிற்கிறது. தள்ளித்தானே நிற்கிறது என்று விடலாமா?

எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் என்பதைப் பார்க்க வேண்டும். 60 அடிப் பனையை எடுங்கள், உங்கள் கூரை மட்டத்துக்கு மேலே நிற்கிற உயரம் 60 என்று வைத்துக்கொள்வோம். டிசெம்பர் கடைசியில் நடுப்பகலில் அதன் நிழல் வடக்கே 39 அடி நீளும், காலமை 9 மணிக்கு வடமேற்காக 90 அடிக்கு மேல் போகும். ஆனியில் நடுப்பகல் நிழல் தெற்கே 15 அடிதான். ஆக வீட்டுக்குத் தெற்கே, தென்கிழக்கே, தென்மேற்கே நிற்கிற மரங்கள்தான் ஆபத்து, அதுவும் மாரியில். பங்குனி, சித்திரையில் வந்து பார்த்துவிட்டு "நிழலே இல்லை" என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

பனையின் தண்டு மெலிந்தது, நிழல் ஒரு கோடாக ஓடிப் போய்விடும், பனலுக்குள் இருக்கிற டயோட்டுகள் அந்த நேரத்துக்கு அந்தப் பகுதியை விலக்கிவிட்டு மிச்சத்தை ஓட விடும். வட்டும் ஓலையும்தான் அகலம். வேம்பு, மா, முருங்கை இன்னும் மோசம், ஒவ்வொரு வருடமும் வளரும். முகில் நாளில் நிழல் தெரியாது என்பதால் மரம் பாதிக்கவில்லை என்று நினைக்காதீர்கள், அது மறைக்கிற வானத்துண்டு அன்றைக்கும் மறைந்துதான் இருக்கிறது.

தண்ணீர்த் தாங்கியை மறந்துவிடுகிறார்கள். தட்டின் தெற்கு மூலையில் தாங்கியைக் கட்டிவிட்டு அதன் நிழலுக்குள் பனலைப் பரப்பிய வீடுகள் ஊருக்குள் இருக்கின்றன. தாங்கி வடக்கே இருக்கட்டும்.

கோணத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் வாதாடுகிற அதே வீட்டில் பத்து நிமிடம் நிழலைப் பற்றிப் பேசமாட்டார்கள். கோணம் பிழைத்தால் இரண்டு, மூன்று சதவீதம் போகும். நிழல் பிழைத்தால் இருபது போகும்.

10 பாகையை எப்படி அளப்பது? எனக்குக் கருவி ஒன்றும் இல்லை.

போனில் மட்டம் பார்க்கிற செயலி இருக்கும், பனல் சட்டத்தின் மேல் வைத்தால் இலக்கம் காட்டும். நம்பிக்கை இல்லையென்றால் மேசன்மார் செய்கிற மாதிரி: 1 மீற்றர் மட்டப்பலகையைத் தண்ணீர் மட்டத்தில் பிடித்து, மறுமுனையிலிருந்து சட்டம் வரை உள்ள இடைவெளியை அளவுங்கள். 17 அல்லது 18 சென்ரிமீற்றர் வந்தால் 10 பாகை. 27 வந்தால் 15.

தெற்கைத் திசைகாட்டியில் பார்க்கலாம், எங்கள் ஊரில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் கவலைப்பட வேண்டிய அளவு இல்லை. இரும்பு ஸ்ராண்ட்டுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தால்தான் பிழைக்கும். நூல்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு நடுப்பகல் நிழலைப் பார்ப்பதும் சரி, ஆனால் எங்கள் நடுப்பகல் 12 மணி இல்லை, சராசரியாக 12.10. மாசியில் 12.24 வரை தள்ளும், நவம்பர் தொடக்கத்தில் 11.54 க்கு முந்தும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆகஸ்ட் 28 ஐ ஒட்டியும் இந்த வேலையைச் செய்யாதீர்கள், அப்போது சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே நிற்கும், நிழலே விழாது.

அந்தப் புத்தாண்டுக் கிழமையில் பனல் நன்றாக ஓடும், நாட்டில் தொழிற்சாலைகள் பூட்டிக் கிடக்கும். 2025 இல் ஏப்ரல் 13 முதல் 21 வரை பின்னேரம் 3 மணி வரை கூரைப் பனல்களை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது அதனால்தான்.

மழை கழுவும்தானே, நாங்கள் கழுவ வேண்டுமா?

மாரியில் மழை பார்த்துக்கொள்ளும். மாசி தொடங்கி ஆவணி வரை நீங்கள்தான். செம்மண் தூசு, குப்பை எரிக்கிற கரி, காகம். மாதம் ஒரு தரம் ஏறிப் பாருங்கள், விரலால் இழுத்துக் கோடு விழுந்தால் கழுவுங்கள்.

கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றிக் காயவிடுவதுதான் இங்கே நடக்கிற பெரிய பிழை. குடாநாட்டுக்குக் கீழே சுண்ணக்கல், தண்ணீரில் கல்லுச்சத்து கூட. கேத்தலுக்குள் படிகிற வெள்ளை, கண்ணாடியிலும் படியும், படிந்தால் தேய்த்தாலும் லேசில் போகாது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுதான் சிறந்தது. கிணற்றுத் தண்ணீர்தான் என்றால் கழுவின கையோடு வழித்துவிடுங்கள். விடிய வேளைக்கு, பனல் சூடாக முன்னம், மெல்லிய துணி சுற்றிய தடி போதும். தும்புத்தடியால் உரஞ்ச வேண்டாம், கண்ணாடியின் மேற்பூச்சு கீறும். பனலுக்கு மேலே ஏறி நிற்கவே வேண்டாம்.

"முகில் காலத்துக்கென்றே செய்த பனல்" என்று ஒன்று விற்கிறார்களே?

குறைந்த வெளிச்சத்தில் கொஞ்சம் கூடத் தருகிற வகைகள் உண்டு. வித்தியாசம் சிறியது, விலை வித்தியாசம் பெரியது. வெளிச்சம் இல்லாத இடத்தில் எந்தக் கண்ணாடியும் கரண்டை உண்டாக்காது. இரண்டு பக்கமும் ஒளி பிடிக்கிற பனல் எடுத்தால் கீழே தட்டுக்கு வெள்ளைப் பூச்சு அடியுங்கள், ஆனால் 10 பாகையில் தாழ்வாக வைத்தால் அடிப்பக்கத்துக்குப் போகிற ஒளி கொஞ்சம்தான், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

கார்த்திகையில் எவ்வளவு வரும் என்று நம்பலாம்?

1 கிலோவாற் பனல் வருடச் சராசரியில் மாதம் 100 முதல் 120 அலகு வரை தரும் என்பது இலங்கையில் எல்லாரும் வைத்திருக்கிற கணக்கு, எங்களுக்கும் பொருந்தும். பங்குனி, சித்திரையில் அதற்கு மேல் போகும், நவம்பர், டிசெம்பரில் இறங்கும். கறுத்து மூடிய ஒரு நாளில், நல்ல வெயில் நாளில் வருவதில் பத்திலொரு பங்கிலிருந்து காற்பங்கு வரைதான் எதிர்பார்க்க வேண்டும். பொது மின் விநியோகக் கட்டமைப்போடு இணைத்தவர்களுக்கு இது பிரச்சினையில்லை, வருடக் கணக்கில் சமப்படும். பற்றறியை மட்டும் நம்பி இருக்கிற தோட்டக் கொட்டில், தீவுப் பக்கத்து வீடு என்றால் மிக மோசமான மாதத்தை வைத்துத்தான் பனல் எண்ணிக்கையை முடிவுசெய்ய வேண்டும். அப்போதும் கோணத்தால் அந்தக் குறையை நிரப்ப முடியாது. இரண்டு பனல் கூடப் போடுங்கள், மாரியில் மூன்று நாள் தொடர்ந்து மூடினால் எதை நிறுத்துவது என்று முன்னமே தீர்மானித்து வையுங்கள். முதலில் நிற்க வேண்டியது தண்ணீர் மோட்டர், குளிர்சாதனப் பெட்டி இல்லை.

மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரம் 5 கிலோவாற் பனல் 5 க்கு மேல் காட்டியது. மீற்றர் பிழையா?

இல்லை. முகிலின் விளிம்பில் பட்டுச் சிதறிய ஒளியும் நேரடி வெயிலும் ஒரே நேரத்தில் விழும்போது சில நிமிடங்களுக்குத் தெளிந்த நாளைவிடக் கூட வெளிச்சம் வரும். மழையில் பனலும் குளிர்ந்திருக்கும். பனலில் எழுதியிருக்கிற வாற் 25 பாகை செல்சியசில் அளந்தது, அதற்கு மேல் ஒவ்வொரு பாகை சூட்டுக்கும் 0.3 இலிருந்து 0.4 சதவீதம் குறையும். பங்குனி மத்தியானத்தில் பனல் 60 பாகைக்குச் சூடேறினால் 12 சதவீதமளவு அப்படியே போய்விடும். கூரைக்கும் பனலுக்கும் இடையில் ஒரு சாண் வெளி விட்டால் காற்று ஓடும், சூடு இறங்கும்.

சீற் போட்ட கூரை. பரவாயில்லையா?

அஸ்பெஸ்டோஸ் சீற் என்றால் அவதானம். அதன்மேல் நடந்தால் உடையும், துளைத்தால் வருகிற தூசு நுரையீரலுக்குக் கூடாது. பனல் 25 வருடத்துக்கு நிற்க வேண்டியது, கீழே இருக்கிற சீற் அதுவரை நிற்குமா என்று முதலில் பாருங்கள். மாற்றுகிற யோசனை இருந்தால் பனலுக்கு முன்னம் மாற்றுங்கள்.

மழையில் கரண்ட் போனால் பனல் வேலை செய்யுமா?

பற்றறி இல்லாமல் கட்டமைப்போடு மட்டும் இணைத்திருந்தால் செய்யாது, வெயில் எறித்தாலும் செய்யாது. கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு மின் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வேற்றர் தானாக நின்றுவிடும். கரண்ட் போகிற நேரத்துக்காகத்தான் பனல் பூட்டுகிறீர்கள் என்றால் அதை முதலே சொல்லுங்கள், வாங்க வேண்டிய இன்வேற்றர் வேறு.

பூட்ட வந்தவர் தன்னிடம் 15 பாகை ஸ்ராண்ட்தான் இருக்கிறது என்கிறார். திருப்பி அனுப்பட்டுமா?

வேண்டாம், விடுங்கள், பூட்டட்டும். அதற்குப் பதிலாக வேறு மூன்றைக் கேளுங்கள். நட்டும் போல்ட்டும் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலா, இல்லை மினுங்குகிற பூச்சா? பூச்சென்றால் இரண்டு மாரி தாங்காது. அலுமினிய ரெயிலும் இரும்பும் தொடுகிற இடத்தில் இடையில் என்ன வைக்கிறார்? பூமித் தொடுப்புக் கம்பி எங்கே இறங்குகிறது, எத்தனை அடி ஆழத்துக்கு? இந்த மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் சொல்கிறவர் என்றால் 15 பாகையோடு சந்தோசமாகப் பூட்டச் சொல்லுங்கள். தடுமாறினால், 10 பாகை ஸ்ராண்ட் கொண்டுவந்தாலும் அனுப்பிவிடுங்கள்.